இடைவேளையில் இறங்கியவர்

1

தோஹாவில் குளிர் இறங்கிவிட்டது. குளிர் என்றால் நம் ஊர் மார்கழிக் காலை அளவுக்குத்தான். ஆனால் எட்டு மாதம் வெயிலில் கிடந்த ஊருக்கு அதுவே பெரிய கொடை. வெள்ளிக்கிழமை மாலை நானும் என் கணவரும் வீட்டுக்குப் பக்கத்துக் கால்பந்து மைதானத்தைச் சுற்றியிருக்கும் பூங்காவில் நடந்துகொண்டிருந்தோம். உலகக் கோப்பை முடிந்து இது மூன்றாவது குளிர்காலம். அந்தி வெளிச்சத்தில் மைதானம் தரையில் பாவாமல் ஓர் அங்குலம் மேலே மிதப்பது போலத் தெரிந்தது.

புதிதாக வந்திருக்கும் ஒரு தமிழ்ப்பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தாள். பேச்சு பேச்சாக இருக்கும்போது கேட்டாள்: "அக்கா, அப்ப இங்கதானே இருந்தீங்க? எத்தன மேட்ச் பாத்தீங்க?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

என் கணவர் சிரித்துவிட்டார். "பதினாலு மாசம் அதுக்குத்தான் வேலை பாத்தா. ஒரு ஆட்டம் பாக்கல."

அவள் நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாள். ஊருக்கு வரும்போதெல்லாம் நீங்களும் இதையேதான் கேட்கிறீர்கள். ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஓர் ஆட்டத்தின் இடைவேளையைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

2

எனக்குத் திருவாரூர். தெற்கு வீதியில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை இருந்தது. தேர் வருவதற்கு முன்னால் வீதியில் குறுக்கே போகும் மின்கம்பிகளையெல்லாம் கழற்றுவார்கள். கடையில் விளக்கும் இருக்காது, விசிறியும் இருக்காது. நாங்கள் மாடியில் ஏறி நின்றுகொள்வோம். எல்லோரும் மேலே தேரைப் பார்ப்பார்கள். எனக்கு என்னவோ சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்கள் மேல்தான் கண். அவ்வளவு பெரிய தேர், கையில் ஒரு கட்டை, நொடியில் போட்டுவிட்டு விலக வேண்டும்.

கல்யாணமாகி தோஹா வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. என் கணவருக்கு இங்கே ஒரு சின்ன மளிகைக்கடை. ஹனா இங்கேதான் பிறந்தாள். உலகக் கோப்பை வரப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து ஊர் உருமாறிக்கொண்டே இருந்தது. நேற்றுப் போன சாலை இன்று இருக்காது. மணல் மேடு இருந்த இடத்தில் ரயில் நிலையம் முளைத்திருக்கும். காலையில் கடைக்குப் போன மனிதர் வழி தெரியாமல் வீட்டுக்கு வந்து நின்ற கதையும் உண்டு. ஊரே ஒரே நேரத்தில் தூக்கத்தில் நடப்பது போல இருந்தது.

போட்டிக்குப் பல மொழி தெரிந்தவர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. தமிழ், ஹிந்தி, கொஞ்சம் மலையாளம், தட்டுத் தடுமாறி ஆங்கிலம், ஓதிப் பழகிய அரபி என்று எழுதிப் போட்டேன். நேர்காணலில் இருந்த அதிகாரியின் பெயர் காலித். என் மகனாக இருக்கும் வயதில்லை, தம்பியாக இருக்கலாம். "முழு இதயத்தோடு வேலை செய்வேன்" என்று அரபியில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார்: "மன்னிக்கவும், நாயை உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை."

அரபியில் இதயத்துக்கு ஒரு க, நாய்க்கு வேறு க. தமிழில் பிறந்த நாக்குக்கு ஒரே ஒரு க. முழு நாயோடு வேலை செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன். வேலை கிடைத்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது ஹனா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பதினாறு. கடைகளில் நான் அரபி பேச வாயெடுத்தால், "மம்மா, நான் பேசுறேன்" என்று முன்னால் வந்து நிற்பாள். என்னைக் காப்பாற்றுகிறாளா, மறைக்கிறாளா என்று எனக்குப் புரியாது. நான் தமிழில் கேட்பதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். பிறகு அறைக்கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே அவளும் தோழிகளும் போனில் அரபியில் மழை மாதிரிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

3

என் வேலை நுழைவு அட்டை கொடுக்கும் மையத்தில். போட்டியில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் கழுத்தில் ஓர் அட்டை வேண்டும். சமையல்காரர், மருத்துவர், கேமராக்காரர், கழிவறை துடைப்பவர், வண்டி ஓட்டுபவர். அவர்கள் எந்த வாசல் வரை போகலாம் என்பதை அட்டையில் இருக்கும் எண் சொல்லும். கண்ணாடிக்குப் பின்னால் நான். இயந்திரத்திலிருந்து வரும் அட்டை சூடாக இருக்கும். வாங்குகிறவர் அதை இரண்டு கையாலும் பிடித்துப் படத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நாளெல்லாம் முகங்கள். சாயங்காலம் கண்ணை மூடினால் வரிசை மூடிய கண்ணுக்குள்ளேயும் நகர்ந்துகொண்டிருக்கும்.

தகராறெல்லாம் பெயரில்தான். கணினிக்கு இரண்டு கட்டம்: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். ஐந்து பெயர் வைத்திருந்த பிரேசில்காரர் எதை விடுவது என்று தவித்தார். ஒற்றைப் பெயரோடு வந்த ஜாவாக்காரர் அதையே இரண்டு முறை எழுதித் தந்தார். நம் ஆட்கள் அப்பா பெயரின் முதல் எழுத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். அது என்ன எழுத்து, அது யார் என்று கணினி கேட்கும்.

நடேசன் முதலில் என்னிடம் ஹிந்தியில்தான் பேசினார். ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் தொப்பி பதிந்த கோட்டுக்கு மேலே வெளுப்பு, கீழே கறுப்பு. பாஸ்போர்ட்டைத் திறந்தேன். பிறந்த இடம்: வலங்கைமான்.

"வலங்கைமானா?" என்றேன் தமிழில்.

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நீங்க?"

"திருவாரூர்."

"அப்புடிச் சொல்லுங்க!" என்று பின்னால் வரிசையில் நின்ற நேபாளிகளைத் திரும்பிப் பார்த்தார், அவர்களுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்பது போல.

அவர் மைதானத்தில் புல் வளர்ப்பவர். ஐந்து வருடமாக அதே மைதானம். "விளக்கு போட்டு வளக்குறோம் தங்கச்சி. அடியில குழாய் வழியா குளுந்த காத்து. கொறமாசத்துல பொறந்த புள்ளைய ஆஸ்பத்திரில வெச்சுப் பாப்பாங்கள்ல, அது மாதிரி. நம்ம ஊர்ல ஆள் வெச்சுப் பிடுங்கி எறியுற சாமான்! இங்க ஒரு கொத்து பேந்துச்சுன்னா அஞ்சு பேரு ஓடுறோம்."

ஆட்ட நாட்களில் புல்காரர்கள் ஆறு பேர் மட்டும் மைதானத்துக்குள் இறங்கலாம். இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில், ஆட்டக்காரர்களின் கால் பட்டுப் பெயர்ந்த புல்லையெல்லாம் திரும்பப் பதித்துவிட்டு வெளியேற வேண்டும். அந்த ஆறில் நடேசன் ஒருவர். ஆனால் கணினி அவரை ஏற்கவில்லை. 'பெயர் பொருந்தவில்லை' என்று சிவப்பில் காட்டியது. பாஸ்போர்ட்டில் வெறும் நடேசன். இங்கத்திய அடையாள அட்டையில் நடேசன் ரெங்கசாமி. கம்பெனி அனுப்பிய பட்டியலில் முன்னால் ஓர் எழுத்தோடு நடேசன். போதாததற்கு நடுவிலிருக்கும் அந்த ஒலிக்கு ஒன்றில் டெல்லிக்கு வரும் ஆங்கில எழுத்து, இன்னொன்றில் டோக்கியோவுக்கு வரும் எழுத்து. கணினியைப் பொறுத்தவரை மூன்று ஆட்கள்.

"வியாழக்கிழமைக்குள்ள அட்டை வரலன்னா வேற ஆள போட்டுருவாங்க" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல சொல்லிட்டேன், தங்கச்சி. டிவில வருவேன்னு. இடைவேளைல பாருங்க, நாந்தான் எறங்குவேன்னு. ஊர்ல பசங்க கோயில் திடல்ல பெரிய திரை கட்டுறாங்களாம்."

4

காலித்திடம் மூன்று தாளையும் கொண்டுபோய் வைத்தேன்.

"யாருடைய தவறு?" என்று கேட்டார்.

"யாருடைய தவறும் இல்லை. எங்கள் மொழியில் இந்த இரண்டு ஓசைக்கும் எழுத்து ஒன்றுதான். முன்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர்."

"உங்களுக்கு எழுத்து கொஞ்சம் குறைவு" என்றார்.

"உங்களுக்கு ப இல்லையே. பெப்சியை பெப்சி என்று நீங்கள் சொல்லிக் கேட்டதில்லை."

அவர் சிரித்தார். ஆனால் அப்பா பெயர் ரெங்கசாமிதான் என்பதற்கு அரசாங்கத் தாள் ஒன்று வேண்டும் என்றார். தாள் இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது.

பிறப்புச் சான்றிதழ் நடேசனிடம் இல்லை. அவர் வயதில் நம் பக்கம் பாதிப் பேருக்கு இருக்காது. யோசித்து யோசித்து, "நெலத்துக்கு சிட்டா இருக்குமே" என்றார். அவர் மனைவி மல்லிகாவுக்குப் போன் போட்டார். அங்கே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மல்லிகா பையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, வலங்கைமான் தாலுகா ஆபீசுக்குப் போனார். மின்சாரம் இல்லை என்று முதல் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போனார். புதன்கிழமை மதியம் நடேசனின் போனில் படம் வந்து விழுந்தது. மூன்று மா நன்செய், ரெங்கசாமி மகன் நடேசன். தாளின் ஓரத்தில் மழைத்துளி பட்டு மை கலங்கியிருந்தது.

காலித் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு சொல்கூட அவருக்குப் புரியாது. நான் விரல் வைத்துப் படித்துக் காட்டினேன். "இது நிலமா?" என்று கேட்டார். "இதில் என்ன விளையும்?"

"அரிசி."

"அரிசி விளைவிக்கிறவர் எங்களுக்குப் புல் விளைவிக்கிறாரா" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

அந்த அட்டையை இயந்திரத்திலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். நடேசன் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் வைத்து, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு போனார்.

வாசல் இயந்திரங்கள் அட்டையைச் சரியாகப் படிக்கின்றனவா என்று சோதிக்க, ஒரு விடிகாலை எங்களை மைதானத்துக்கு அழைத்துப்போனார்கள். சுரங்கம் போன்ற வழி முடிகிற இடத்தில் நின்றுவிட வேண்டும், அதற்கு மேல் என் அட்டைக்கு அனுமதியில்லை. மைதானத்தின் உட்புறத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பல்லாயிரம் நாற்காலிகளும் காலி. நடுவில் அந்தப் பச்சை. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குப் பனி. நீர் தெளிக்கும் குழாய்கள் சத்தமில்லாமல் சுற்றின. பனிக்குள் கால்கள் தெரியாமல் நாலைந்து பேர் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. பேசினால் எல்லாம் கலைந்துவிடும் என்று தோன்றியது. அவர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றி என் பக்கம் ஆட்டினார்.

அன்றைக்கு மாலை ஹனாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அதிசயமாகக் கடைசி வரை கேட்டாள். பிறகு சொன்னாள்:

"மம்மா, ஹாஃப் டைம்ல டிவில புல்லையா காட்டுவாங்க? விளம்பரம்தான் போடுவாங்க."

"கொஞ்ச நேரம்கூடவா காட்ட மாட்டாங்க?"

"ஸ்டுடியோல நாலு பேர் கோட் போட்டுட்டு பேசும். அவ்ளோதான்." மனிதர்களை அஃறிணையில் சொல்வது அவள் தமிழ். திருத்தித் திருத்தி நான் ஓய்ந்துவிட்டேன். "நீ அந்த அங்கிள்கிட்ட சொல்லணும். சொல்லாம இருந்தா அதுவும் பொய்தான்."

அவள் சொன்னது சரி. ஆனால் மல்லிகா மழையில் இரண்டு நாள் நடந்ததை நினைத்தேன். திடலில் கட்டப் போகிற திரையை நினைத்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். நான் சொல்லவில்லை.

5

நடேசனின் மைதானத்தில் ஆட்டம் ஒரு மதியம். ஊரில் அப்போது மூன்றரை மணி. ஹனாவின் தோழியின் அப்பாவுக்கு வேலை இடத்தில் நான்கு டிக்கெட் கிடைத்திருந்தது. ஹனா ஒரு தென்னமெரிக்க அணியின் நிறத்தைக் கன்னத்தில் பூசிக்கொண்டு நின்றாள்.

"ஒரு உதவி செய்றியா? இடைவேளைல நடேசன் மாமா உள்ள எறங்குவாரு. போன்ல எடுத்துட்டு வா."

"மம்மா! அப்பதான் எல்லாரும் சாப்பிட வெளிய போவோம்." கதவு சாத்திக்கொண்டது.

எங்கள் மையத்தில் அன்று கூட்டமில்லை. சுவரில் இருந்த டிவியின் முன்னால் நாலு நாட்டுப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். முதல் பாதி முடிந்து நடுவர் ஊதினார். ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள். திரை மாறியது. கார் விளம்பரம், பானத்தின் விளம்பரம். பிறகு கோட்டு போட்ட நால்வர். ஹனா சொன்னபடியே நால்வர்.

எனக்கு மட்டும் வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்ட சாயங்காலம், ஈரத் திடல், பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் நல்ல புடவை கட்டி மல்லிகா. 'எங்கடி உம்புருசன்?' என்று யாரோ கேட்கிறார்கள். விளம்பரம் முடிந்து இன்னொரு விளம்பரம் வருகிறது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. ஹனா.

"மம்மா உன் அங்கிள் வந்துச்சு."

கீழே பதின்மூன்று நிமிட வீடியோ.

ஆரம்பத்தில் படம் நடுங்கியது. மஞ்சள் அங்கி போட்ட ஆறு பேர் நாலு பக்கமும் ஓடினார்கள். கேமரா ஒவ்வொருவராகத் தேடி, தொப்பியைக் கண்டுபிடித்து நின்றது. நடேசன் குனிந்தார். பெயர்ந்த கொத்தைத் தூக்கி, குழியில் வைத்து, காலால் மிதித்து, உள்ளங்கையால் தடவினார். இரண்டடி நகர்ந்தார். மறுபடி குனிந்தார். கோல் கம்பத்துக்கு அருகில் பெரிய காயம் ஒன்று. அங்கே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் நாற்காலிகள் பாதி காலி. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெரிய திரைகளில் பாட்டு. அதற்கு மேலே, போனுக்கு மிக அருகில், ஒரு குரல் கத்தியது:

"நடேசன் மாமா! நடேசன் மாமா, இங்க!"

என் மகள் தமிழில் கத்தி நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. பக்கத்தில் யாரோ ஒரு பெண் அரபியில், யார் அவர் என்று கேட்டாள். ஹனா அரபியில் சொன்னாள்: "என் மாமா. என் அம்மாவுடைய ஊர். எங்கள் ஊர்."

நடேசனுக்கு அது கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது என்று எச்சரிக்கை ஒலித்தது. ஐந்து பேர் வெளியே ஓடினார்கள். அவர் இன்னும் ஒரு கொத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைத் தலையோடு பிடித்துக்கொண்டு ஓடினார். ஹனா மூச்சு வாங்கச் சிரிப்பது கேட்டது. அதோடு படம் நின்றது.

அதை அப்படியே நடேசனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

6

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். அட்டை இப்போது கழுத்தில் இருந்தது. வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றார். நான் எழுந்து வெளியே போனேன்.

"அண்ணே, என்னய மன்னிச்சிருங்க. டிவில காட்ட மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். ஹனா சொன்னா. நாந்தான் உங்கட்ட சொல்லல."

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் தெரியும் தங்கச்சி. அஞ்சு வருசமா மெஸ்ல டிவி பாக்குறோம். இடைவேளைல வெளம்பரம்தான்."

"தெரிஞ்சா ஏன் அண்ணே வீட்டுல சொன்னீங்க?"

"என்ன வேல பாக்குறீங்க, என்ன வேல பாக்குறீங்கன்னு மல்லிகா கேட்டுக்கிட்டே இருந்துச்சு. புல்லு வளக்குறேன்னா நம்பல. ஊர்ல சிரிக்கிறாங்க. பொய் சொல்றான், அங்க வேற என்னமோ கேவலமான வேல, மறைக்குறான்னு ஒரு பேச்சு. வெளம்பரத்த முடிச்சு ஒரு நிமிசம் முன்னாடியே மைதானத்தக் காட்டிட்டான்னா, ஓரத்துல நின்னா தெரிவேன்ல? அதான் கடைசியா ஒரு கொத்து வெச்சேன். வெக்க வேண்டிய கொத்து இல்ல அது. நல்லாத்தான் இருந்துச்சு."

"திடல்ல?"

"நேத்து எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்களாம். அது மட்டும் உக்காந்திருந்திருக்கு. அப்பறம் பாப்பா எடுத்தத அனுப்பினேன். பசங்க அதையே திரையில போட்டிருக்காங்க. போனவங்க எல்லாம் திரும்பி வந்து பாத்தாங்களாம். பதிமூணு நிமிசமும்."

போனை எடுத்து, என் காதருகில் பிடித்து, மல்லிகாவின் குரலை ஓடவிட்டார். பின்னணியில் பெண்கள் பலர் ஒரே நேரத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க! பாத்தேங்க, பூராவும் பாத்தேன். குனிஞ்சு குனிஞ்சு, நாத்து முடியப் பிரிச்சு வெக்கிற மாதிரி வெக்கிறீங்களே! கல்யாணமாயி இருவத்தாறு வருசம், ஒரு நாள், ஒரே ஒரு நாள் சேத்துல எறங்கி எங்களோட நட்டிருக்கீங்களா? நடவு பொம்பளைங்க வேலன்னு வரப்புல நின்னு குடை புடிச்சீங்க. அங்க போயி வெள்ளக்காரன் கால் பட்ட புல்ல நடுறீங்க! இருங்க, ஊருக்கு வாங்க. அடுத்த நடவுக்கு உங்களத்தான் வயல்ல எறக்குறோம். நாங்க அத்தன பேரும் வரப்புல உக்காந்து வேடிக்க பாக்கப் போறோம்."

சிரிப்பு அடங்காமலே அது முடிந்தது. நடேசன் மறுபடி ஓடவிட்டார். மூன்றாவது முறை கேட்கும்போது கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. பிறகு போனை வாய்க்கு அருகில் கொண்டுபோய், பேசும் பொத்தானை அழுத்தினார்.

"வர்றேன் மல்லிகா" என்றார். "வரப்புல எல்லாருக்கும் எடம் போட்டு வையி."